கலப்பையும் கைபேசியும்: திண்டுக்கல் சமவெளியில் ஒரு பயணம்

தெற்கே மதுரையிலிருந்தோ வடக்கே கரூரிலிருந்தோ திண்டுக்கல்லை நெருங்குகின்ற எவர்க்கும் முதலில் எதிர்ப்படுவது, சமவெளியின் நடுவே திண்டு போலக் கிடக்கும் அந்த ஒற்றைப் பெரும்பாறையே. ஊருக்குப் பெயர் ஈந்ததும் அதுவே என்பர். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர்கள் அதன்மேல் கோட்டை எழுப்பினர். ஐதர் அலியும் திப்பு சுல்தானும் அதனைத் தம் வசம் வைத்திருந்தனர். 1790-இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். இன்று அக்கோட்டையில் படையுமில்லை, கொடியுமில்லை. ஆனால் உச்சிக்கு ஏறி நின்று நோக்குவோர்க்கு இம்மாவட்டத்தின் வாழ்வு முழுவதும் ஒரே பார்வையில் விளங்கிவிடும். காலடியில் புனித வளனார் பேராலயமும் நெருக்கமான தெருக்களும், ஒருபுறம் சிறுமலை, மேற்கே நீலநிறமாய் நீண்டு கிடக்கும் பழனி மலைத்தொடர், இடையே செம்மண் பூமி.

அந்த மேற்குத் தொடரே இம்மண்ணின் வரமும் சாபமும் ஆகும். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை அது தன் மறுபுறத்திலேயே தடுத்து நிறுத்திக்கொள்கின்றது. நமக்கு எஞ்சுவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வந்து போகும் வடகிழக்குப் பருவமழையே. ஆண்டு முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் பெய்தால் அது நல்ல ஆண்டு. குடகனாறு ஓடுவதும் மழை பெய்த நாட்களில்தான். ஆகவே இங்குள்ள உழவன் வானத்தைப் பார்த்து விதைக்கிறான், கிணற்றை எட்டிப் பார்த்து வளர்க்கிறான், சந்தையைப் பார்த்து அஞ்சுகிறான்.

மழை எப்போது வரும்? பயிரைத் தின்னும் பூச்சி எங்கிருந்து வருகிறது? விளைந்ததை என்ன விலைக்குக் கொள்வார்கள்? தலைமுறை தலைமுறையாக உழவனின் உறக்கத்தைக் கெடுத்த வினாக்கள் இவை மூன்றே. இம்மூன்றிற்கும் விடை சொல்வதற்கு இன்று கைபேசியும், கணினியும், வானில் சுற்றும் செயற்கைக்கோளும் முன்வந்து நிற்கின்றன. அவை சொல்லும் விடை எத்துணை மெய்யானது? யாருக்குப் பயன்படுகிறது? அதற்கு நாம் கொடுக்கும் விலை யாது? இவற்றைக் கண்ணாரக் கண்டறியும் நோக்குடன் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு வலம் வந்தேன். கண்டதையும் அறிந்ததையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

செம்பட்டியில் இறங்கிய செயற்கைக்கோள்

நகரிலிருந்து மதுரைச் சாலையில் சென்றால் சிறிது தொலைவில் காந்திகிராமம். 1947-இல் டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் தொடங்கிய அந்தக் கிராமப் பணி, 1956-இல் ஊரகக் கல்வி நிறுவனமாகக் கிளைத்தது. அறிவு என்பது நகரத்தில் பூட்டி வைக்கப்படும் சரக்கன்று, சிற்றூரின் வாசலுக்கு அது நடந்து வரவேண்டும் என்னும் எண்ணம் இவ்வட்டாரத்தில் நெடுநாளைய எண்ணம் என்பதற்கு அதுவே சான்று. சின்னாளபட்டியின் தறியோசையைக் கடந்து மேற்கே திரும்பினால் செம்பட்டி. பல திசைச் சாலைகளும் கூடிப் பிரியும் சந்திப்பு அது. வத்தலக்குண்டுக்கும் ஒட்டன்சத்திரத்திற்கும் செல்வோர் தேநீர் அருந்த இறங்கும் ஊர் என்றே பலரும் அதனை அறிவர்.

ஆனால் இந்திய வேளாண்மை வரலாற்றில் செம்பட்டிக்கு ஓர் இடம் உண்டு. 2004-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள், அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் புதுதில்லியில் இருந்தவாறே, நாட்டின் முதல் கிராம வள மையங்களைச் செயற்கைக்கோள் வழியாகத் தொடங்கி வைத்தார். அவை மூன்று: காவிரிக் கரையில் திருவையாறு, கடற்கரையில் தங்கச்சிமடம், வறண்ட சமவெளியில் நம் செம்பட்டி. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கைகோத்து நிறுவியவை அவை. கூரைமேல் ஒரு வட்டத் தட்டு, உள்ளே ஒரு திரை. செம்பட்டியில் அமர்ந்த உழவர் தம் பயிரின் நோயைச் சொல்ல, சென்னையில் அமர்ந்த அறிஞர் முகம் பார்த்து மறுமொழி கூறினார். மருத்துவ ஆலோசனையும் கல்வியும் அவ்வழியே வந்தன. பின்னாளில் இத்தகைய மையங்கள் நாடெங்கும் 400-க்கும் மேற்பட்டவை எழுந்தன.

இந்த முயற்சி திடீரென முளைத்ததன்று. 1998-இலேயே அதே ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைத்திருந்தது. வில்லியனூரில் தலைமை நிலையம். அங்கிருந்து சந்தை விலை, அரசுத் திட்டங்கள், வானிலை ஆகியன ஊர்தோறும் சென்றன. வீராம்பட்டினத்து மீனவர்க்கு அலையின் உயரம் அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டு, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிக்கப்பட்டது. அதன் அருமை 2004 டிசம்பர் 26 அன்று விளங்கிற்று. சிங்கப்பூரில் பணிபுரிந்த ஊர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியை அறிந்து தொலைபேசியில் எச்சரிக்க, புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மையத்தின் ஒலிபெருக்கி ஊரையே எழுப்பிக் கரையைவிட்டு ஓடச் செய்தது. உயிர்கள் தப்பின.

இங்கே நாம் ஆழ்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. செயற்கைக்கோள் பெரிது, கணினி பெரிது. ஆனால் இறுதியில் உயிரைக் காத்தது ஊர் நடுவே கட்டிய ஒலிபெருக்கியும், அதனை முடுக்கிய மனிதரும், அவருடைய குரலை நம்பிய மக்களுமே. விவரம் வானிலிருந்து வரலாம். நம்பிக்கையோ அண்டை வீட்டிலிருந்துதான் வருகிறது. இச்சமவெளியில் நான் கண்ட ஒவ்வொன்றும் இவ்வுண்மையையே மீண்டும் மீண்டும் எனக்கு உணர்த்திற்று.

கன்னிவாடி அடிவாரத்தில்

செம்பட்டியிலிருந்து வடமேற்கே மலையடிவாரத்தை ஒட்டிச் சென்றால் கன்னிவாடி. அப்பால் பழனிச் சாலையில் ரெட்டியார்சத்திரம். இப்பகுதியிலும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்தே உழவர்களோடும் மகளிர் குழுக்களோடும் பணியாற்றி வந்துள்ளது. 2012 முதல் அந்நிறுவனம் தமிழ்நாட்டில் நடத்திய பயிர் மருத்துவ முகாம்களின் முறை மிக எளியது. ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு மேசை. நோயுற்ற இலையையோ காயையோ உழவர் கையில் எடுத்து வருவார். பயிற்சி பெற்றவர் அதனைப் பார்த்து, கேட்டு, மருந்துச் சீட்டு எழுதித் தருவார். அதே சீட்டைக் கைக்கணினியில் பதிந்து அனுப்புவதால், எந்த ஊரில் எந்த நோய் தலைகாட்டுகிறது என்பது வல்லுநர்களுக்கும் உடனே தெரியவரும். விவரம் மேலே செல்கிறது. விடை கையோடு கிடைக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து நடந்தால்தான் அது நேர்மையான கொடுக்கல் வாங்கல் ஆகும்.

அண்டை மாவட்டமாகிய தேனியிலும் இதனையொத்த முயற்சி நிகழ்ந்தது. கனடாவைத் தலைமையிடமாகக் கொண்ட காமன்வெல்த் கற்றல் அமைப்பு, 'விடியல்' என்னும் தொண்டு நிறுவனத்தோடு இணைந்து உழவர்க்கான வாழ்நாள் கல்வித் திட்டத்தை நடத்திற்று. ஆடு வளர்க்க வங்கிக் கடன் பெற்ற பெண்கள் அக்கடனிலேயே ஒரு கைபேசியையும் சேர்த்து வாங்கினர். ஆட்டின் நோயும் தீவனமும் பற்றிய குறுஞ்செய்திகள் எழுத்தாக அன்றிக் குரலாக அவர்களுக்கு வந்தன. எழுத்தறியாமை ஒரு சுவராக நிற்க, குரல் அச்சுவரைத் தாண்டிச் சென்றது. மேய்ச்சல் நிலத்தில் ஆட்டின் பின்னே நடந்தவாறே பெண்கள் பாடம் கேட்டனர்!

ரெட்டியார்சத்திரத்தில் இந்திய–இசுரேல் கூட்டு முயற்சியாகத் தோட்டக்கலைத் துறை அமைத்துள்ள காய்கறி மகத்துவ மையம் உள்ளது. பசுமைக்குடில்களில் குழித்தட்டு நாற்றுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. சொட்டுநீர்க் குழாய் வழியே நீரும் உரமும் அளவறிந்து வேருக்குச் செல்கின்றன. இம்முறையை உலகிற்கு ஈந்தது இசுரேல் நாட்டுப் பாலைவனம். 1965-இல் அத்செரீம் என்னும் கூட்டுப்பண்ணையில் இது தொழிலாக உருப்பெற்றது. விவிலியம் பேசும் அந்த நெகேவு வறள்நிலத்தில் கற்ற பாடம் நம் செம்மண்ணில் தழைப்பது கண்டு மகிழ்ந்தேன். சிறு, குறு உழவர்க்குச் சொட்டுநீர்க் கருவிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 விழுக்காடு மானியமும், ஏனையோர்க்கு 75 விழுக்காடும் உண்டு என்பதை இன்னும் அறியாதோர் நம் பங்குகளில் இருக்கக்கூடும். அவர்களுக்காக இதனைக் குறிக்கிறேன்.

எனினும் எவரும் வற்புறுத்தாமல், மானியமும் கேளாமல், உழவர் தாமே விரும்பி வாங்கிய கருவி ஒன்றுண்டு. அது கைபேசியால் இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டர். மும்முனை மின்சாரம் பல ஊர்களில் இரவு வேளையிலும் முறை வைத்து வருகிறது. பாம்புக்கும் பள்ளத்திற்கும் அஞ்சியவாறு நள்ளிரவில் வரப்பின்மேல் நடந்து சென்று மோட்டாரைப் போட்டவர், இன்று வீட்டிலிருந்தபடியே ஓர் அழைப்பில் அதனை ஓடவிடுகிறார். எளிய கருவிதான், ஆனால் எத்தனை மனைவியரின் அச்சத்தை அது நீக்கியிருக்கிறது! ஆயினும் இதற்கும் மறுபக்கம் உண்டு. நீர் இறைப்பது எளிதாக எளிதாக, நிலத்தடி நீர் இறங்குவதும் விரைவாகும். கருவி கையின் வலிமையைப் பெருக்குமேயன்றி, போதும் என்னும் மனத்தைத் தருவதில்லை.

ஒட்டன்சத்திரத்துத் தராசு

அங்கிருந்து ஒட்டன்சத்திரம். தமிழகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று அங்கே கூடுகிறது. முருங்கை, தக்காளி, வெண்டை, சின்ன வெங்காயம் எனச் சுற்றுவட்டார விளைச்சலெல்லாம் அங்கு வந்து குவிந்து, பெரும்பகுதி கேரளத்திற்கு லாரி ஏறுகின்றது. கேரளத்தின் ஓணமும், கடையடைப்பும், மழையும் இங்குள்ள தராசை ஆட்டிவிடும். தக்காளி விலை வீழ்ந்த நாட்களில், பறிக்கும் கூலிக்கும் கட்டாது எனக் காட்டிலேயே விட்டுவிடுவோரும் உண்டு, சாலையோரம் கொட்டிவிட்டுக் கண்ணீரோடு திரும்புவோரும் உண்டு.

விலையை முன்கூட்டி அறிவதால் பயன் உண்டா? உண்டு என்பதற்குக் கேரளக் கடற்கரையே சான்று. 1997 முதல் 2001 வரை அங்கே கைபேசிச் சேவை படிப்படியாகப் பரவிய காலத்தை இராபர்ட் சென்சன் என்னும் பொருளியலறிஞர் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். அதற்கு முன்பு ஓரிடத்தில் மீன் வாங்க ஆளின்றிக் கடலில் கொட்டப்படும். சில கல் தொலைவில் மீன் கிடைக்காமல் மக்கள் திரும்புவர். பிடித்ததில் 5 முதல் 8 விழுக்காடு வரை இவ்வாறு வீணாயிற்று. கடலிலிருந்தபடியே விலை கேட்கும் வசதி வந்ததும் அந்த வீண் ஏறக்குறைய நின்றது. மீனவரின் வருவாய் 8 விழுக்காடு உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலையும் 4 விழுக்காடு குறைந்தது. விற்றவரும் வாங்கியவரும் ஒருசேர நன்மை பெற்றது அரிய நிகழ்ச்சியன்றோ?

அதே நன்மையைக் கருதியே நடுவண் அரசு 2016-இல் மின்னணுத் தேசிய வேளாண் சந்தையைத் தொடங்கிற்று. தமிழக அரசு 2018 ஏப்ரலில் 'உழவன்' செயலியை வெளியிட்டது. மானியம், பயிர்க் காப்பீடு, உர இருப்பு, வாடகை இயந்திரம், சந்தை விலை, வானிலை யாவும் தமிழிலேயே அதில் கிடைக்கின்றன. நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிகை என்ன விலை போகிறது என்பதை, பறித்த பூ கூடையில் இருக்கும்போதே தோட்டக்காரர் அறிந்துகொள்கிறார்.

ஆனால் மீனவன் படகைத் திருப்பி வேறு கரைக்குச் செலுத்த முடிந்தது. விதைப்பதற்கே மண்டியில் முன்பணம் வாங்கியவன் தன் மூட்டையை வேறு மண்டிக்குத் திருப்ப முடியுமா? விலை தெரிந்தும் வாய்திறக்க இயலாத நிலை அது. அவனுடைய கட்டை அவிழ்ப்பது செயலி அன்று, குறைந்த வட்டிக் கடனும் கூட்டுறவும்தான். கண் திறப்பது வேறு. கட்டு அவிழ்வது வேறு. ஆண்டவர் இயேசு இலாசரை உயிர்ப்பித்தபின் சுற்றி நின்றோரிடம் அவனது கட்டுகளை அவிழ்க்கும் பணியை ஒப்படைத்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

வேடசந்தூர்க் காட்டில் படைப்புழு

ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகிழக்கே வேடசந்தூரை நோக்கிச் செல்லச் செல்லப் பசுமை குறைந்து மானாவாரிக் காடுகள் விரிகின்றன. சோளமும், மக்காச்சோளமும், கடலையும், புகையிலையும் விளையும் பூமி. 2018-இல் அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு இந்தியாவில் முதன்முதலாகக் கருநாடகத்தில் காணப்பட்டது. அடுத்த சில திங்களிலேயே நம் மக்காச்சோளக் காடுகளில் குருத்துக்குள் புகுந்து தின்று தீர்த்தது. இதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் நெடுந்தொலைவு பறக்கவல்லது. ஆதலின் ஓர் உழவன் தனித்து நின்று இதனை வெல்ல இயலாது. ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறிகள் வைத்து, நாள்தோறும் விழுந்த அந்துப்பூச்சிகளை எண்ணிப் பார்த்தால், தாக்குதல் வருமுன்னரே அறியலாம். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2018-இல் இதற்கென்றே ஒரு கைபேசிச் செயலியை உருவாக்கி, ஆப்பிரிக்க உழவர் எண்ணிச் சொன்ன எண்ணிக்கைகளைத் திரட்டி, புழு நகரும் வழியை வரைபடமாக்கிற்று. ஒருவன் எண்ணினால் அது அவனுக்கு மட்டும் எச்சரிக்கை. ஓர் ஊரே எண்ணினால் அது நாட்டுக்கே எச்சரிக்கை! 'தரவு' என்று இன்று பெரிதாகப் பேசப்படுவது இவ்வளவே: பலர் பொறுமையாக எண்ணியதை ஓரிடத்தில் சேர்த்துப் பார்த்தல்.

வழியில் ஒரு காட்டோரம் மூதாட்டி ஒருவரைக் கண்டு, மழைச் செய்தி கைபேசியில் வருகிறதா எனக் கேட்டேன். சிரித்துக்கொண்டே அவர் சொன்னது இது: "பேரன் காட்டுறான் சாமி. நாளைக்கு மழைன்னுதான் சொல்லுது. எந்தக் காட்டுக்குன்னு சொல்ல மாட்டேங்குதே!"

அறிவியலார் சபையில் எழுப்பத்தக்க வினா அது. வானிலை முன்னறிவிப்பு பெரும்பாலும் வட்டார அளவில் வருகிறது. நம் மாவட்டத்தில் வட்டாரங்கள் 14. ஓர் ஊரில் வரப்புடையப் பெய்யும் மழை அடுத்த ஊரில் தூறலோடு நின்றுவிடுவதை யார்தான் அறியார்? கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரத்திற்கு ஒன்றாக 385 தானியங்கி வானிலை நிலையங்களை மாநிலமெங்கும் நிறுவிற்று. இடைவெளியை அது குறைத்தது. எனினும் எஞ்சிய இடைவெளியை நிரப்ப ஊரார் தாமே அளக்கத்தான் வேண்டும்.

மண்ணின் கதையும் இதுவே. 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 கூறுகளை ஆய்ந்து சொல்கிறது: களர்-அமில நிலை, உப்பு, கரிமம், தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள். கண்ணை மூடிக்கொண்டு யூரியா கொட்டும் பழக்கத்திற்கு இது நல்ல மருந்து. ஆனால் அத்திட்டப்படி மானாவாரி நிலத்தில் 10 எக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 25 ஏக்கருக்கு, ஒரு மாதிரி எடுத்தனர். ஆண்டவர் சொன்ன விதைப்பவர் உவமையை நினைத்துப் பாருங்கள். ஒரே மனிதன் விதைத்த ஒரே வயலில் வழியோரம், பாறை நிலம், முட்செடி நிலம், நல்ல நிலம் என நால்வகை மண் இருந்தனவன்றோ? ஆகவே அட்டையோடு நின்றுவிடாமல், தம் நிலத்தில் 10, 15 இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்திற்குக் குழி பறித்து, ஓரத்து மண்ணைச் சுரண்டிச் சேர்த்துக் கலந்து, அரைக் கிலோ எடுத்து மண் ஆய்வு நிலையத்தில் கொடுப்பது நலம். மர நிழலும் எருக்குழி அருகும் ஆகா. கிணற்று நீரையும் ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும். தோல் பதனிடும் தொழிலால் திண்டுக்கல் நகரைச் சுற்றிய கிணறுகள் பல உவர்த்துப்போன வரலாற்றை நாம் அறிவோம்.

பூட்டும் சாவியும்

வலம் முடிந்து மீண்டும் நகருக்குள் நுழையும்போது பூட்டுக் கடைகள் கண்ணில் பட்டன. கையால் செய்யும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எத்துணை உறுதியான பூட்டாயினும் அதன் பொருள் சாவி யாரிடம் உள்ளது என்பதில்தான் இருக்கிறது. வீட்டுக்காரன் கையில் சாவி இருந்தால் பூட்டு காவல். வேறொருவன் கையில் இருந்தால் அதுவே சிறை.

2025 முதல் தமிழ்நாட்டில் உழவர் ஒவ்வொருவர்க்கும் 11 இலக்கத் தனித்துவ அடையாள எண் வழங்கும் பதிவு நடைபெற்று வருகிறது. நிலம், பயிர், உதவித்தொகை யாவும் அவ்வெண்ணோடு இணைக்கப்படுகின்றன. போலிகளைக் களையவும், இழப்பீடு விரைந்து சேரவும் இது உதவும். ஆனால் இப்பதிவு பட்டாவை அடிப்படையாகக் கொண்டது. பட்டா இல்லாமல் வாய்மொழிக் குத்தகைக்கு உழுகின்றவர் யார்? கணவன் பெயரிலோ மாமனார் பெயரிலோ உள்ள நிலத்தில் விடியுமுன் களையெடுக்கும் பெண் யார்? கணினியின் கண்ணுக்கு அவர்கள் உழவரே அல்லர். முன்பு கிராம அலுவலர் முகம் பார்த்தாவது அறிந்தார். கணினி முகம் பாராது. பட்டியலை மட்டுமே பார்க்கும். இதுவே என் மனத்தை மிகவும் வருத்திய செய்தி. நம் பங்கு மக்களில் எத்தனையோ குடும்பங்கள் இவ்வகையினரே அல்லவா?

விவிலியத்தில் வேளாண் கணக்கை முதன்முதலாகத் திறம்பட நடத்தியவர் யாக்கோபின் மகன் யோசேப்பு. வளமான ஏழு ஆண்டுகளில் தானியத்தை அளந்து சேர்த்து, பஞ்சத்தின் ஏழு ஆண்டுகளில் எகிப்தைக் காத்தார். இப்பகுதியை நாம் அடிக்கடி மறையுரைகளில் கேட்கிறோம். ஆனால் தொடக்க நூலின் 47-ஆம் அதிகாரத்தை அவ்வளவாகக் கேட்பதில்லை. பஞ்சம் முற்றியபோது மக்கள் முதலில் பணத்தைக் கொடுத்தனர், பின்பு கால்நடையைக் கொடுத்தனர், இறுதியில் நிலத்தையும் தம்மையும் கொடுத்துப் பார்வோனுக்கு அடிமைகளாயினர். உயிர் தப்பியது; உரிமை போயிற்று. களஞ்சியத்தின் சாவி பார்வோனிடம் இருந்தமையே காரணம். இன்னொன்றும் அங்கே எழுதப்பட்டுள்ளது: குருக்களின் நிலம் மட்டும் தப்பியது! குருவாகிய நான் அவ்வரியைக் கூச்சமின்றிக் கடந்து செல்ல இயலவில்லை.

இன்றைய களஞ்சியம் தானியமன்று, விவரம். யாருடைய நிலத்தில் எது விளையும், யாருக்கு எப்போது பணமுடை வரும் என்பதை முன்னறிந்தவன், விதையையும் கடனையும் விலையையும் தன் விருப்பப்படி ஆட்டுவிக்கலாம். அறிவும் பணமும் ஒருங்கே உடையோர்க்கு உலகின்மேல் அச்சுறுத்தும் ஆதிக்கம் வந்துவிடுகிறது என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'லவுதாத்தோ சீ' மடலில் எச்சரித்தார். சிறு உழவரின் உற்பத்தி முறையே உலக மக்களில் பெரும்பாலோரை ஊட்டுகிறது என்பதையும் அதே மடலில் சுட்டினார். 2023-இல் இயற்றப்பட்ட எண்ணியத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் ஒரு தொடக்கம். சட்டம் இருப்பது போதாது. அதனை அறிந்து கேட்கும் மக்கள் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

1961 மே 15 அன்று திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் 'தாயும் ஆசிரியையும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். இத்தாலியச் சிற்றூரில் வாரக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். உழவர்க்குக் கடனும், காப்பீடும், நியாய விலையும், கூட்டுறவும் வேண்டும் என வாதாடிய அம்மடல், உழவரின் முன்னேற்றத்திற்கு உழவரே முதன்மைக் கருவியாதல் வேண்டும் என்றும் வலியுறுத்திற்று. அக்கருத்தை இக்காலத்திற்குப் பொருத்தினால் நம் பங்குகளில் உடனே செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவது, ஆலய வளாகத்தில் ஒரு மழைமானி. செலவு மிகச் சிறிது. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து கரும்பலகையில் எழுதலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லிட்டர் நீர் என்று மறைக்கல்விச் சிறுவர்க்குச் சொல்லிக் கொடுத்தால், மழை அவர்களுக்குக் கணக்கும் ஆகும், கொடையும் ஆகும். சில ஆண்டுக் குறிப்பு சேர்ந்தபின் அந்த மூதாட்டியின் வினாவிற்கு அவ்வூரே விடை சொல்லத் தொடங்கும்.

இரண்டாவது, அன்பியம்தோறும் கைபேசி அறிந்த இளைஞர் ஒருவர் பத்து வீடுகளுக்குப் பொறுப்பேற்றல். வானிலையும் சந்தை விலையும் படித்துச் சொல்வது, பயிர்ப் படத்தை வேளாண் அலுவலருக்கு அனுப்புவது, காப்பீட்டுக்கு இறுதி நாள் தவறாமல் நினைவூட்டுவது இவர் பணி. 1800-180-1551 என்னும் உழவர் அழைப்பு மையத்திற்குக் கட்டணமின்றிப் பேசித் தமிழிலேயே ஐயம் தீர்க்கலாம் என்பதையும் வீடுதோறும் எழுதி ஒட்டலாம்.

மூன்றாவது, கடினமானது. குத்தகையாளர் பெயரைப் பதிவு செய்வதற்கென்றே தமிழ்நாட்டில் 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் உள்ளது. நிலம் உடையோர் தம்மிடம் உழுவோர்க்கு எழுத்துச் சான்று தர முன்வர வேண்டும். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் பங்குகள் இதில் முதலடி எடுத்து வைப்பதே அழகு. நாம் முன்வராமல் பிறரைக் கேட்பது எங்ஙனம்? மனைவியின் பெயரையும் பட்டாவில் சேர்க்கக் குடும்பத் தலைவர்கள் தயங்க வேண்டியதில்லை.

ஒரு செய்தியோடு முடிக்கிறேன். அருளப்பரின் மடல் வெளிவந்த மே 15, உழவரின் பாதுகாவலரான மத்ரீது நகர்ப் புனித இசிதோரின் திருநாள். பிறர் நிலத்தில் கூலிக்கு உழுதவர் அவர். தமக்கென ஒரு காணி நிலமும் இல்லாதவர். அவருக்கு அப்பெயர் செவில் நகர் ஆயர் புனித இசிதோரின் நினைவாக இடப்பட்டது என்பர். 7-ஆம் நூற்றாண்டில் அக்கால அறிவையெல்லாம் ஒரே களஞ்சியமாகத் தொகுத்த அப்பேரறிஞரை, திருச்சபை முறைப்படி அறிவிக்கவில்லை எனினும், இணையத்தின் பாதுகாவலர் என இன்று பலரும் போற்றுகின்றனர். ஒருவர் கையில் ஏர், மற்றவர் கையில் ஏடு. பட்டா இல்லாத அந்த இசிதோர் இன்று நம் ஊருக்கு வந்து பதிவு முகாமின் வரிசையில் நின்றால், அவர் பெயரை எழுதிக்கொள்வார்களா? 'ஆம்' என்று நாம் துணிந்து சொல்லக்கூடிய நாள் வரும்வரை, கைபேசி அறிந்த பிள்ளைகளை அவர் அருகில் நிறுத்தி வைப்போம். விதைக்கிறவருக்கு விதையையும் உண்பதற்கு உணவையும் தருகின்ற இறைவன் இச்சமவெளிக்குக் காலத்தே மழை அருள்வாராக.